டிக்கெட்டில் எந்த கோர்ட் பெயர் இருக்கிறது? நியூயார்க், நியூஜெர்சி டிராஃபிக் டிக்கெட் பேரத்துக்கு முழு வழிகாட்டி

டகோனிக் பார்க்வேயில் வடக்கு நோக்கிப் போகிறீர்கள். வேக வரம்பு 55 மைல். யார்க்டவுனில் போலீஸ் நிறுத்தினால் வெஸ்ட்செஸ்டர் கவுன்ட்டி. கொஞ்சம் தள்ளி புட்னம் வேலியில் நிறுத்தினால் புட்னம் கவுன்ட்டி. இன்னும் மேலே ஈஸ்ட் ஃபிஷ்கில் என்றால் டச்சஸ் கவுன்ட்டி. ரோடு ஒன்று, வேகம் ஒன்று, சட்டப் பிரிவும் ஒன்று. ஆனால் மூன்று கோர்ட், மூன்று டிஏ (கவுன்ட்டியின் தலைமை அரசு வக்கீல்) அலுவலகம், மூன்று விதமான நடைமுறை. அதே வேகத்தில் பிராங்க்ஸுக்குள் மாட்டியிருந்தால் பேரம் (அரசு வக்கீலோடு பேசிக் குற்றத்தைச் சின்னப் பிரிவுக்கு மாற்றிக்கொள்வது) என்ற பேச்சுக்கே இடமில்லை.

டிக்கெட் வாங்கிய அன்று எல்லோரும் வேகத்தையும் அபராதத் தொகையையும்தான் பார்க்கிறார்கள். கோர்ட் பெயரைப் பார்ப்பதில்லை. உங்கள் வழக்கு எப்படி முடியும் என்பதில் பாதியை அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

நான் வக்கீல் இல்லை. நியூயார்க்கில் பன்னிரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எனக்காக ஒரு முறை, நண்பர்களுக்குத் துணையாகப் பல முறை கோர்ட் வாசலில் நின்றிருக்கிறேன். என் முதல் டிக்கெட்டில் நான் செய்த தவறுதான் இதை எழுத வைக்கிறது. அன்று ராத்திரியே ஆன்லைனில் பணத்தைக் கட்டினேன். ஊரில் ஃபைன் கட்டினால் விஷயம் முடிந்தது, அந்தப் பழக்கம். இங்கே பணம் கட்டுவது என்றால் "கில்டி" என்று ஒப்புக்கொள்வது. ஆறு புள்ளிகள் லைசென்ஸில் ஏறின. லைசென்ஸ் தரும் மாநிலத் துறையான டிஎம்வியிலிருந்து தனியாக 300 டாலருக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த ரினியூவலில் இன்சூரன்ஸும் ஏறியது. ஒரு மாலை நேரம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இதில் பெரும்பகுதி இல்லாமல் போயிருக்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

முதலில் கணக்கு: எதற்காகப் பேரம் பேசுகிறோம்?

பேரம் அபராதத்துக்காக இல்லை, புள்ளிக்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நியூயார்க்கில் வரம்பை 10 மைல் வரை தாண்டினால் 3 புள்ளி, 11 முதல் 20 வரை 4, 21 முதல் 30 வரை 6, 31 முதல் 40 வரை 8, அதற்கு மேல் 11. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் 5. பதினெட்டு மாதத்துக்குள் 6 புள்ளி சேர்ந்துவிட்டால் டிரைவர் ரெஸ்பான்சிபிலிட்டி அசெஸ்மென்ட் என்ற தனிக் கட்டணம் வருகிறது: வருஷத்துக்கு 100 டாலர், மூன்று வருஷம். ஆறுக்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் வருஷத்துக்கு இன்னும் 25 டாலர். இதை கோர்ட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், டிஎம்வி நேரடியாகக் கேட்கும். லைசென்ஸ் முடக்கத்துக்கு நெடுங்காலம் 18 மாதத்தில் 11 புள்ளி என்று கணக்கு இருந்தது. டிஎம்வி அண்மையில் அந்த விதிகளை இறுக்கியிருக்கிறது, அதனால் இன்றைய அளவையும் புள்ளிக் கணக்கையும் டிஎம்வி தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். 55 மைல் ரோட்டில் 78. வரம்புக்கு மேல் 23. ஆறு புள்ளி. அபராதம் 90 முதல் 300 டாலர் வரை. டவுன் கோர்ட் என்றால் அதன்மேல் 93 டாலர் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம், சிட்டி கோர்ட் என்றால் 88. பிறகு டிஎம்விக்கு 300. இதே வழக்கு பேரத்தில் 1110-ஏ என்ற பிரிவுக்கு, அதாவது சாலைக் குறியீட்டை மதிக்காத குற்றத்துக்கு, மாறினால் 2 புள்ளி. முதல் தடவை என்றால் அபராதம் அதிகபட்சம் 150, அதோடு சர்சார்ஜ். டிஎம்வியின் 300 இல்லை. இன்னும் இறங்கி 1201-ஏ என்ற பார்க்கிங் பிரிவுக்கு வந்தால் புள்ளியே இல்லை, சர்சார்ஜும் 25 டாலர்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குப் பார்க்கிங் குற்றமா என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பேரத்தில் அப்படித்தான் முடிக்கிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது.

புள்ளி குறைந்தாலும் "வேகம்" என்ற பெயர் மிச்சமிருந்தால் அதில் ஓர் ஆபத்து உண்டு. 18 மாதத்துக்குள் மூன்று முறை வேகக் குற்றம் பதிவானால் லைசென்ஸ் ரத்து. சில ப்ராசிக்யூட்டர்கள் (வழக்கு நடத்தும் அரசு வக்கீல்கள்) "வேகப் பிரிவான 1180-லேயே 10 மைல் அதிகம் என்று மாற்றித் தருகிறேன், 3 புள்ளி" என்பார்கள். நல்ல சலுகைபோலத் தெரியும். ஏற்கெனவே ஒரு வேக டிக்கெட் இருக்கிறவர் அதை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும். நியூயார்க் ரோடு டெஸ்ட் பாஸ் செய்து முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்தக் காலத்தில் ஒரே ஒரு வேகக் குற்றம் பதிவானாலும் 60 நாள் லைசென்ஸ் முடக்கம். ஊரிலிருந்து வந்து புதிதாக லைசென்ஸ் எடுத்த எத்தனையோ பேர் இந்த ஆறு மாதத்துக்குள்தான் மாட்டுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது குறைந்த வேகம் இல்லை, வேறு பிரிவு.

டிக்கெட்டைப் படிப்பது

மூன்றைப் பாருங்கள். சட்டப் பிரிவு எண், கோர்ட்டின் பெயர், பதில் சொல்ல வேண்டிய தேதி.

பிரிவு 1180 என்றால் வேகம். அதன்பின் வரும் எழுத்தும் அர்த்தமுள்ளது: 'பி' என்றால் மாநிலத்தின் 55 மைல் பொது வரம்பு, 'டி' என்றால் பலகையில் எழுதியிருக்கும் வரம்பு. 1225-சி, 1225-டி இரண்டும் போன். 1212, 511, 1192 என்ற எண்களில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிட்டு வக்கீலைத் தேடுங்கள். 1212 என்பது ரெக்லெஸ் டிரைவிங், 511 என்பது முடக்கப்பட்ட லைசென்ஸோடு ஓட்டுவது, 1192 மது. மற்ற சாதாரண டிக்கெட்டுகள் நியூயார்க் சட்டப்படி "இன்ஃப்ராக்‌ஷன்", குற்றவியல் குற்றம் ஆகாது. ரெக்லெஸும் 511-ம் மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் ரெக்கார்டு. மதுவும் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். எச்1பி-யில் இருப்பவருக்கும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவருக்கும் இந்த வித்தியாசம் அபராதத்தைவிடப் பல மடங்கு பெரியது. மது சம்பந்தப்பட்ட கைது விசாவையே தொடும்.

கேமரா அனுப்பும் நோட்டீஸை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூயார்க் நகரில் சிக்னல் கேமரா, பள்ளிக்கூட வேகக் கேமரா நோட்டீஸ் வண்டியின் உரிமையாளருக்கு வருவது. புள்ளி கிடையாது, பேரமும் கிடையாது.

எந்த வகைக் கோர்ட்?

நியூயார்க் நகரின் ஐந்து பரோக்கள், அதாவது மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு. இங்கே வழக்கு போவது டிவிபி என்கிற டிராஃபிக் வயலேஷன்ஸ் பீரோவுக்கு. இது கோர்ட்டே இல்லை, டிஎம்வியின் ஒரு பிரிவு. ப்ராசிக்யூட்டர் என்று ஒருவர் அங்கே இல்லாததால் பேரம் பேச எதிரில் ஆள் இல்லை. கில்டி அல்லது நாட் கில்டி, இரண்டே வழி. நிரூபிக்க வேண்டிய அளவும் குறைவு. மற்ற கோர்ட்டுகளில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே தெளிவான, நம்பத்தகுந்த சாட்சியம் போதும். எடிசனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு வந்து திரும்பும்போது குயின்ஸில் டிக்கெட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஜெர்சியில் பேரம் பேசிப் பழகியவர்கள், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வந்து ஏமாந்து போனார்கள்.

நகரைத் தாண்டினால் உலகமே மாறிவிடும். மாநிலம் முழுக்க சுமார் 1,200 டவுன், வில்லேஜ் கோர்ட்டுகள் இருக்கின்றன. இவற்றின் நீதிபதிகள் உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். வக்கீலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பலர் வக்கீல் இல்லை. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ, பெரும்பாலும் மாலையில்தான் கோர்ட் கூடும். பேரம் செழிப்பாக நடப்பது இங்கேதான். யாரோடு பேசுவது என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சில கவுன்ட்டிகளில் டிஏ அலுவலகத்தின் உதவி வக்கீல் வருவார். சில டவுன்களில் டிஏ அந்த அதிகாரத்தை டவுன் வக்கீலுக்குக் கொடுத்திருப்பார். உள்ளூர் போலீஸ் கொடுத்த டிக்கெட்டுக்குச் சில இடங்களில் அந்த போலீஸ்காரரோடே பேசலாம். ஆனால் ஸ்டேட் ட்ரூப்பர் கொடுத்த டிக்கெட்டுக்கு ட்ரூப்பரோடு பேரம் பேச முடியாது, 2006-லேயே ஸ்டேட் போலீஸ் தலைமை அதை நிறுத்திவிட்டது. "ட்ரூப்பரிடம் போய் மரியாதையாகக் கேளு, குறைத்துத் தருவார்" என்று பழைய ஆட்கள் சொன்னால், அது அவர்கள் காலத்து உண்மை.

சிட்டி கோர்ட்டுகள் நகரத்துக்கு நகரம் வேறுபடும், ஆனால் பேரம் உண்டு. லாங் ஐலண்டில் நாசோ, சஃபோக் இரண்டு கவுன்ட்டிக்கும் தனியாக டிராஃபிக் ஏஜென்சிகள் இருக்கின்றன. சஃபோக்கின் மேற்குப் பகுதி 2013 வரை டிவிபியின் கீழ் இருந்தது, அப்போது பேரம் கிடையாது. பஃபலோவும் 2015-ல் டிவிபியிலிருந்து விலகித் தனி ஏஜென்சி ஆனது. இங்கெல்லாம் இன்று ஏஜென்சியின் ப்ராசிக்யூட்டரோடு பேசிக் குறைத்துக்கொள்ளலாம். கூடுதல் நிர்வாகக் கட்டணங்கள் சேரும் என்பதால், ஒப்புக்கொள்ளும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

"நாட் கில்டி" என்று பதில் அனுப்புவது

பேரம் பேச விரும்புகிறவர் முதலில் நாட் கில்டி என்றுதான் சொல்ல வேண்டும். பலருக்கு இது மனசாட்சிக் கேள்வியாக இருக்கிறது. "வேகமாகத்தானே போனேன், இல்லை என்று எப்படிப் பொய் சொல்வது?" என்று நண்பரின் மாமனார் கேட்டார். இது பொய் சொல்வது இல்லை. "இந்தக் குற்றச்சாட்டை நீங்கள் நிரூபிக்க வேண்டும்" என்று சொல்லும் உரிமை இது. அன்று என்ன நடந்தது என்று எந்தச் சத்தியமும் நீங்கள் செய்வதில்லை.

டிக்கெட்டில் நாட் கில்டி பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டு, குறிப்பிட்ட தேதிக்குள் அந்தக் கோர்ட்டின் முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். டிவிபி என்றால் 15 நாளுக்குள், ஆன்லைனிலும் முடியும். டவுன் கோர்ட்டுக்கு அனுப்பும்போது சர்ட்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரிசீட்டோடு. முன்னும் பின்னும் போன் கேமராவில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன டவுன் கோர்ட்டுகளில் கிளார்க் ஒருவரே எல்லாக் காகிதத்தையும் பார்க்கிறார், ஒரு கடிதம் தவறிப்போவது நடக்கக்கூடியது. பதிலே வரவில்லை என்று பதிவானால் லைசென்ஸ் முடக்கப்படும், அதை நீக்க 70 டாலர் தனி.

அதே படிவத்தில் "சப்போர்ட்டிங் டெபசிஷன்" வேண்டுமா என்ற கேள்வி இருக்கும். ஆம் என்று குறியுங்கள். போலீஸ்காரர் எதை வைத்துக் குற்றம் சாட்டுகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வாக்குமூலம் அது: ரேடாரா, லேசரா, பின்னால் தொடர்ந்து வந்தாரா. சரியான நேரத்தில் கேட்டு, 30 நாளுக்குள் அது வராவிட்டால் வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். இது டிவிபியில் செல்லாது.

அடுத்து, டிஎம்வியிலிருந்து உங்கள் டிரைவிங் ரெக்கார்டின் அப்ஸ்ட்ராக்ட் எடுங்கள். ஆன்லைனில் 7 டாலர். ரெக்கார்டு சுத்தமாக இருந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே வலுவான சீட்டு அதுதான்.

கோர்ட்டுக்குப் போகாமலே முடியும் இடங்கள்

நாட் கில்டி அனுப்பிய பிறகு கிளார்க்குக்கு போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ப்ராசிக்யூட்டரோடு தபாலிலோ ஆன்லைனிலோ பேச வழி இருக்கிறதா?" பல இடங்களில் இருக்கிறது. சில டிஏ அலுவலகங்களே இணையத்தில் குறைப்பு விண்ணப்பம் வைத்திருக்கின்றன. டிக்கெட்டின் நகல், அப்ஸ்ட்ராக்ட், ஒரு சின்னக் கடிதம் அனுப்பினால் அவர்கள் ஒரு பிரிவை முன்வைத்துப் பதில் அனுப்புவார்கள். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் நீதிபதி பார்த்து அபராதத் தொகையை எழுதி அனுப்புவார். இரண்டு மணி நேரம் ஓட்டிப் போக வேண்டிய கோர்ட் என்றால் இந்த ஒரு போன் ஒரு நாள் லீவை மிச்சப்படுத்தும். எல்லா இடத்திலும் இல்லை, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

அந்த மாலை: ப்ராசிக்யூட்டரின் மேஜை முன்

டவுன் ஹால். டவுன் போர்டு கூட்டம் நடக்கும் அதே அறைதான் அன்றைக்குக் கோர்ட். முன்னால் கொடி, வரிசையாக மடக்கு நாற்காலிகள். வாசலில் பெயர் எழுதும் தாள். அதில் முதலில் எழுதியவர் முதலில் போவார், அதனால் அரை மணி முன்னதாகவே போங்கள். மூலையில் ஒரு மேஜை, அதில் கோப்புக் கட்டு, பின்னால் ப்ராசிக்யூட்டர். நாற்பது பேரோடு அன்று அவர் பேச வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம்.

அந்த இரண்டு நிமிஷத்தை மழை, அவசரம், பின்னால் வந்த லாரி என்று கதை சொல்லியே பலர் வீணாக்குகிறார்கள். நண்பர் ஒருவர் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்து முடிப்பதற்குள் அவர் நேரம் முடிந்துவிட்டது. கிடைத்தது முதலில் நீட்டிய சலுகை மட்டும். நான் என் இரண்டாவது டிக்கெட்டுக்குப் போனபோது சொன்னது இவ்வளவுதான்: "வணக்கம் சார். இது என் அப்ஸ்ட்ராக்ட், கடந்த நான்கு வருஷத்தில் எதுவும் இல்லை. தற்காப்பு ஓட்டுநர் வகுப்பும் முடித்திருக்கிறேன். புள்ளி இல்லாத ஒரு பிரிவுக்கு மாற்ற முடியுமா?" அவர் தாளைப் பார்த்தார். "வரம்புக்கு மேல் 23, பார்க்கிங் தர முடியாது. 1110-ஏ தருகிறேன்" என்றார். சரி என்றேன். டிக்கெட் நகலில் 1180-டி என்பதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 1110-ஏ என்று எழுதி, தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். என் பக்கத்து வரியில் நான் கையெழுத்திட்டேன். அவ்வளவுதான்.

எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "குறைத்துவிட்டேன்" என்ற சொல் போதாது. எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி, இரண்டும் தெரியாமல் கையெழுத்து வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் மரியாதையாக "விசாரணை தேதி கொடுங்கள்" என்று சொல்லலாம். அதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பிறகு நீதிபதி கூப்பிடுவார். ப்ராசிக்யூட்டர் சிபாரிசு செய்கிறவர், ஒப்புதல் தருவதும் தொகையை முடிவு செய்வதும் நீதிபதி. "1110-ஏ-க்கு கில்டி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" "ஆம், யுவர் ஆனர்." தொகை சொல்வார். அன்றே கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். வருமானத்துக்கு ஏற்ற தவணை பெறும் உரிமை 2021 முதல் நியூயார்க்கில் சட்டமாகவே இருக்கிறது.

ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்காகப் போகிறவர்களுக்கு ஒன்று. கோர்ட்டில் கட்டணமில்லாமல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், தமிழுக்கும் கேட்கலாம். முன்கூட்டியே கிளார்க்கிடம் சொன்னால்தான் ஏற்பாடு நடக்கும். மகனோ மருமகளோ நின்று மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். முன்பு சொன்ன நண்பரின் மாமனார் கோர்ட்டுக்குப் போகிற வழியில் என்னைக் கேட்டார், "தம்பி, அந்த போலீஸ்காரர்கிட்டயே ஏதாவது கொடுத்துப் பேசி முடிச்சிடக் கூடாதாப்பா?" "வேண்டாம் அங்கிள், இங்கே அப்படி வாயெடுத்தாலே பெரிய கேஸ் ஆயிடும்" என்றேன். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லி வையுங்கள்.

டிவிபியில் என்ன செய்வது?

பேரம் இல்லை என்பதால் கைவிட வேண்டியதில்லை. விசாரணையில் போலீஸ்காரர் முதலில் சொல்வார், நீங்கள் அவரைக் கேள்வி கேட்கலாம். எங்கே நின்றிருந்தார், எந்தக் கருவி, அன்று அதைச் சோதித்தாரா, உங்கள் வண்டியை இடையில் பார்வையிலிருந்து இழந்தாரா. குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். உங்கள் வண்டியின் டேஷ்கேம் பதிவு, அந்த இடத்தின் பலகைப் படம் இருந்தால் கொண்டுபோங்கள். தோற்றால் 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். ஒன்று உறுதியாகச் சொல்வேன்: நகருக்குள் 6 புள்ளிக்கு மேல் உள்ள டிக்கெட் என்றால் டிவிபியில் தினமும் நிற்கும் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. டவுன் கோர்ட்டில் சுத்தமான ரெக்கார்டோடு, வரம்புக்கு மேல் 15 மைல் டிக்கெட் என்றால் பெரும்பாலும் நீங்களே போதும்.

ஹட்சனைத் தாண்டினால்: நியூஜெர்சி

இங்கே ஒவ்வொரு ஊருக்கும் முனிசிபல் கோர்ட். மாநில உச்ச நீதிமன்றம் 1974-ல் இந்தக் கோர்ட்டுகளில் பேரத்தைத் தடை செய்தது. 1988-ல் சோதனையாகத் திரும்ப அனுமதித்து, 1990-ல் விதிகளோடு நிலைநிறுத்தியது. குடித்துவிட்டு ஓட்டும் வழக்குகளுக்குத் தடை தொடர்ந்தது, அதுவும் 2024 பிப்ரவரியில் நீங்கியது.

ஜெர்சியின் புள்ளிக் கணக்கு வேறு. வரம்புக்கு மேல் 14 மைல் வரை 2, 15 முதல் 29 வரை 4, 30-ம் அதற்கு மேலும் 5. ஜெர்சித் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த பேரம் "அன்சேஃப் டிரைவிங்", பிரிவு 39:4-97.2. ஐந்து வருஷத்தில் முதல் இரண்டு முறைக்குப் புள்ளி இல்லை, மூன்றாவதற்கு 4 புள்ளி. விலை மலிவில்லை: அபராதத்தோடு 250 டாலர் சர்சார்ஜ். அதனால் 2 புள்ளி டிக்கெட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்காதீர்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு முறைதான் இந்தக் கதவு திறக்கும், அதைப் பெரிய டிக்கெட்டுக்கு வைத்திருப்பதே நல்லது. கேர்லெஸ் டிரைவிங்குக்குக் குறைத்தால் 2 புள்ளி, 250 இல்லை.

இன்னொரு வித்தியாசம். ஜெர்சி நீதிபதி, ஒப்புக்கொள்கிற குற்றத்துக்கு உண்மை அடிப்படை இருக்கிறதா என்று உங்களிடமே கேட்பார். "அன்று கவனக்குறைவாக ஓட்டினேன்" என்று ஒரு வாக்கியமாவது உங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், முன்பே யோசித்து வையுங்கள். விபத்து சம்பந்தப்பட்ட டிக்கெட் என்றால் "சிவில் ரிசர்வேஷன்" கேளுங்கள். உங்கள் கில்டியை எதிர்த்தரப்பு பிறகு நஷ்டஈட்டு வழக்கில் பயன்படுத்தாமல் அது தடுக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

லைசென்ஸ் ஒரு மாநிலம், டிக்கெட் இன்னொரு மாநிலம்

இதில்தான் நன்றாகப் படித்தவர்களும் தவறு செய்கிறார்கள், பணமும் இதில்தான் அதிகம் வீணாகிறது.

நியூயார்க் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஜெர்சியில் வேக டிக்கெட் வாங்கினால், நியூயார்க் அதற்குப் புள்ளி போடாது. வெளி இடங்களில் ஒன்டாரியோ, கியூபெக் இரண்டுக்கு மட்டும்தான் அது புள்ளி போடுகிறது. அப்படியிருக்க, புள்ளியைத் தவிர்க்க 250 டாலர் கூடுதலாகக் கொடுத்து அன்சேஃப் டிரைவிங் எடுப்பதில் பலருக்குப் பயனே இல்லை. பலர் எடுக்கிறார்கள், பக்கத்து வீட்டு ஜெர்சிக்காரர் எடுத்தார் என்பதால்.

மறுபக்கம் பாருங்கள். ஜெர்சி லைசென்ஸோடு நியூயார்க்கில் மாட்டினால், ஓட்டும்போது நடந்த சாதாரணக் குற்றம் எதுவானாலும் ஜெர்சி 2 புள்ளி போடும். நியூயார்க்கில் 6 புள்ளி வேகமாக இருந்தாலும் 2, பேரத்தில் 1110-ஏ ஆக்கிக்கொண்டாலும் அதே 2. ஆனால் நியூயார்க்கின் 300 டாலர் கட்டணம் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு, கட்டாவிட்டால் நியூயார்க்கில் ஓட்டும் உரிமை முடங்கும். ஆக ஜெர்சிக்காரர் டவுன் கோர்ட்டில் 1110-ஏ வாங்கினால் 300 டாலர் மிச்சம், புள்ளி மிச்சமில்லை. புள்ளியும் வேண்டாம் என்றால் 1201-ஏ பார்க்கிங் மட்டுமே வழி. அதை ப்ராசிக்யூட்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கலாம்: "என் லைசென்ஸ் ஜெர்சி, இரண்டு புள்ளிப் பிரிவு எனக்கு அங்கே உதவாது."

டிரக் ஓட்டும் சிடிஎல் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இவை பொருந்தாது. அவர்கள் குற்றத்தை மறைக்கும்படியான பேரத்தை மத்திய விதியே தடுக்கிறது.

முடிந்த பிறகு

தற்காப்பு ஓட்டுநர் வகுப்பை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுங்கள். நியூயார்க்கில் அது முடக்கக் கணக்கில் 4 புள்ளி வரை கழிக்கும், இன்சூரன்ஸில் மூன்று வருஷத்துக்கு 10 சதவீதம் குறைக்கும். 300 டாலர் கட்டணத்தை மட்டும் அது தொடாது.

கோர்ட் தரும் ரசீதையும் தீர்ப்புத் தாளையும் ஸ்கேன் செய்து, குடியுரிமைக் காகிதங்கள் இருக்கும் அதே ஃபோல்டரில் போடுங்கள். பின்னாளில் ஒரு படிவம் கேட்கும்போது அந்த டவுன் கோர்ட்டைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு 7 டாலர் செலவழித்து அப்ஸ்ட்ராக்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். நண்பர் ஒருவருக்கு ப்ராசிக்யூட்டரும் நீதிபதியும் 1110-ஏ என்று ஒப்புக்கொண்ட பிறகும் டிஎம்வி பதிவில் 1180-டி என்றே ஏறியிருந்தது. கிளார்க் பழைய பிரிவையே தட்டிவிட்டார். பேனாவால் திருத்திய அந்த நகலின் படம் அவர் போனில் இருந்தது. அதை கோர்ட்டுக்கு அனுப்பினார், ஒரு வாரத்தில் திருத்தினார்கள்.